ஹைதராபாத்தில் இரண்டே பகல்: அப்பாவின் பட்டியலில் எதை வெட்டுவது?

அடையாறு ஆலமரம்

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையில் ரயில் ஏறி, சனி காலை ஹைதராபாத் இறங்கி, ஞாயிறு சாயங்கால ரயிலிலேயே திரும்புகிறோம். திங்கட்கிழமை மதியம் நான் ஆபீசில் இருந்தாக வேண்டும், லீவு கிடையாது. ஆக, கையில் இருப்பது ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

வருகிறவர்கள் ஐந்து பேர். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அப்பா (72), அம்மா (67). அப்பா ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி, வீட்டு மாடிப்படிக்கே கைப்பிடி வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், அப்பா ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். சார்மினார், மெக்கா மசூதி, கோல்கொண்டா கோட்டை, குதுப் ஷாஹி கல்லறைகள், சௌமஹல்லா அரண்மனை, சாலார் ஜங் மியூசியம், ஃபலக்நுமா, பைகா கல்லறைகள், கோட்டி ரெசிடென்சி, புரானாபுல், பிர்லா மந்திர், உசேன் சாகர். மொத்தம் பன்னிரண்டு. எதையாவது எடுக்கலாமா என்று கேட்டால், "நீ எதை எடுக்கணும்னு காரணத்தோட சொல்லு, எடுத்துடறேன்" என்கிறார். காரணம் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால்தான் இங்கே வந்தேன்.

அம்மாவின் ஆசை சின்னது. அவளுடைய அப்பா சார்மினார் சிகரெட் பிடிப்பவராம். காலிப் பெட்டிகளை அடுக்கி வீடு கட்டி விளையாடியிருக்கிறாள். "அந்தப் பெட்டியில இருக்கிற படத்தை நேர்ல பார்த்தா போதும், மத்த இடத்துக்கு நீங்க போங்க, நான் எங்கயாவது உட்கார்ந்துக்கறேன்" என்கிறாள். கோல்கொண்டாவில் அப்படி உட்கார இடம் உண்டா? எந்தப் பக்கம் தங்கினால் நல்லது? மகளுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது ஒன்றும் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

செகந்திராபாத் மருமகள்

பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் சுற்றிக் காட்டியே எனக்கு கைட் வேலைக்கான அனுபவம் வந்துவிட்டது. அப்பாவின் பட்டியலை அவர் கேட்ட மாதிரி காரணத்தோடேயே வெட்டித் தருகிறேன்.

ஃபலக்நுமா இப்போது நட்சத்திர ஹோட்டல். அங்கே தங்குகிறவர்களும் சாப்பிட முன்பதிவு செய்தவர்களும்தான் போக முடியும், நூற்றியொரு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கேட்டுக்குப் போய் நின்றால் விட மாட்டார்கள். வெட்டு. பிர்லா மந்திர் 1976இல் கட்டியது, சரித்திரம் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் அப்பாவை விட வயதில் சின்னது, போதாததற்கு நிறைய படி. வெட்டு. உசேன் சாகருக்கென்று தனியாகப் போக வேண்டாம், வண்டியில் டேங்க் பண்ட் என்கிற ஏரிக்கரைச் சாலை வழியாகப் போனால் ஏரியும் புத்தர் சிலையும் ஜன்னலிலேயே தெரியும். அந்தச் சிலையை 1990இல் படகில் கொண்டுபோகும்போது ஏரிக்குள் விழுந்து, இரண்டு வருஷம் தண்ணீருக்கு அடியில் கிடந்து, 1992இல்தான் எடுத்து நிறுத்தினார்கள் என்பதை மகளிடம் சொல்லுங்கள், எட்டிப் பார்ப்பாள்.

மீதியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோல்கொண்டாவும் அதை ஆண்ட குதுப் ஷாஹி சுல்தான்களின் கல்லறைகளும் மேற்கே, ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டர் சுமாரில். சார்மினார் வகையறா எல்லாம் பழைய நகரத்தில். இரண்டுக்கும் நடுவே பதினோரு கிலோமீட்டர், டிராஃபிக்கில் அது ஒரு மணி நேரம். ஒரே நாளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறவர்கள்தான் ஊருக்குப் போய் "ஹைதராபாத்தில் என்ன இருக்கு, வெறும் டிராஃபிக்" என்று சொல்வார்கள்.

சனிக்கிழமை ரூமில் குளித்துவிட்டு, பதினோரு மணிக்கு முதலில் கல்லறைகள். கல்லறைக்கா முதல் நாளே கூட்டிப்போவது என்று அம்மா முகம் சுளிப்பார்கள், என் மாமியாரும் சுளித்தார்கள். உள்ளே போனால் பெரிய தோட்டம், சமதரை, மர நிழல், அங்கங்கே பெரிய பெரிய கும்மட்டம். முழங்கால் வலிக்கு இந்த ஊரிலேயே தோதான பழைய இடம் அதுதான். 2013இல் தொடங்கி பத்து வருஷத்துக்கு மேல் ஆகா கான் அறக்கட்டளை அதைப் பழுதுபார்த்தது. முன்பு சிமென்ட் பூசிக் கெடுத்து வைத்திருந்ததை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். படிக்கிணறுகளும் உண்டு, பெரிய கிணறு பாடி பாவ்லி, அதை மகளுக்குக் காட்டுங்கள்.

மதியச் சாப்பாடு முடித்து மூன்று மணிக்குக் கோல்கொண்டா. காலை பத்து மணிக்கு அங்கே போய் உச்சி வெயிலில் இறங்கி வருகிற தப்பை எல்லோரும் செய்கிறார்கள், நீங்களும் செய்யாதீர்கள். மேலே போக 360 படி சுமார், அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். நுழைந்ததும் புல்வெளி இருக்கிறது, நிழல் இருக்கிறது, அங்கே உட்காரலாம். ஐந்தரைக்கு எல்லோரும் இறங்கிவிட்டால் சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி, ஒரு மணி நேரம் சுமார், அதற்கு நாற்காலி போட்டிருப்பார்கள், அதில் அம்மாவும் உட்கார்ந்து பார்க்கலாம். கொசு கடிக்கும். சால்வையும் கொசு மருந்தும் இல்லாமல் போகாதீர்கள்.

ஞாயிறு முழுக்கப் பழைய நகரம். அதை அடுத்தவர்கள் சொல்லட்டும், ஞாயிறு மத்தியானம் எதைப் பார்ப்பது என்பதில் எங்கள் வீட்டிலேயே சண்டை.

தங்குவது நாம்பள்ளி, அபிட்ஸ், கோட்டி இந்தப் பக்கம் போதும். மெட்ரோ பழைய நகரத்துக்குள் போகாது, எம்ஜிபிஎஸ் (மகாத்மா காந்தி பஸ் நிலையம்) ஸ்டேஷனோடு நின்றுவிடும். அங்கிருந்து சார்மினாருக்கு ஆட்டோதான்.

அரை டிக்கெட்

மருமகள் அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலார் ஜங், சௌமஹல்லா, குதுப் ஷாஹி கல்லறைகள் மூன்றுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்களுக்கு சனி ஞாயிறு என்பதால் கவலையில்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது வியாழன் ராத்திரி கிளம்பினால் வெள்ளி முழுக்க தெருவில்தான்.

ஞாயிறு மத்தியானம் சௌமஹல்லா போங்கள், சாலார் ஜங்கை விடுங்கள். என் கட்சி இதுதான். சாலார் ஜங்கில் 38 கேலரி, நான் நான்கு மணி நேரம் நடந்து, வெளியே வந்தபோது கடைசியில் பார்த்தது பீங்கானா துப்பாக்கியா என்றே நினைவில்லை. சௌமஹல்லா அப்படியில்லை. நிஜாம்கள் தர்பார் நடத்திய இடம், 1750இல் தொடங்கி அடுத்த நூற்றாண்டில்தான் முடித்தார்கள். தர்பார் மண்டபத்தில் பத்தொன்பது பெல்ஜியம் சரவிளக்குகள் தொங்கும், வெளியே நீளமான நீர்த்தொட்டி, பழைய கார்கள் ஒரு வரிசை. 1912ஆம் வருஷத்து மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று நிற்கிறது, விசேஷ நாளில் மட்டும் எடுத்ததால் அது ஓடிய தூரம் சில நூறு மைல்தான். குழந்தைகள் அதன் முன்னால்தான் நிற்கும். உட்கார இடம் உண்டு, கூட்டமும் கம்மி.

சார்மினார் மேலே ஏறலாமா என்று யாராவது கேட்பார்கள். முதல் தளம் வரைதான் விடுவார்கள், சுழல் படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், குறுகல். எதிரே ஒருவர் இறங்கினால் பல்லியாக சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இதுவும் கிடையாது. டிக்கெட் 25 ரூபாய், கோல்கொண்டாவுக்கும் அதே, பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம்.

கல்தூண்

வாத்தியாருக்காக எழுதுகிறேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

சார், கோல்கொண்டாவைப் பார்க்கப் போகும் சென்னைக்காரர்கள் அது ஏதோ அடுத்த ராஜ்ஜியத்துச் சரித்திரம் என்றே நினைக்கிறார்கள். 1646 சுமாரில் கோல்கொண்டாவின் அமைச்சர் மீர் ஜும்லாவின் படை தெற்கே இறங்கியதிலிருந்து 1687 வரைக்கும் நம்ம சென்னைப் பட்டணத்துக்கு மேலதிகாரம் கோல்கொண்டா சுல்தான்தான். ஜார்ஜ் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் வருஷத்துக்கு 1,200 வராகன் குத்தகை கட்டுவது என்று 1672இல் ஒப்பந்தம் செய்துகொண்டது கோல்கொண்டாவோடு. திருவல்லிக்கேணி கும்பினி கைக்குப் போனது 1676இல், அதுவும் கோல்கொண்டா சுல்தான் கொடுத்து. அந்த உத்தரவுகள் எல்லாம் கிளம்பிய மலையில்தான் நீங்கள் ஏறப்போகிறீர்கள், பார்த்தசாரதி கோயில் தெருவில் யாருக்காவது இது தெரியுமா?

ஏறும்போது இடது வலது சுவர்களில் உடைந்த மண்குழாய்களைப் பாருங்கள், கைட்கள் அதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். கீழே இருக்கும் தண்ணீரைச் சக்கரம் வைத்து ஒரு தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து அடுத்த தொட்டிக்கு, அங்கிருந்து அதற்கு மேல் என்று படிப்படியாக மலை உச்சி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்கு கோஹினூர் கதையை விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. கோஹினூர் கிருஷ்ணா கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்தது என்பார்கள், கோல்கொண்டா வைரச் சந்தை, சுரங்கம் இந்த மலையில் இல்லை. கைட் காலடியைக் காட்டி "இங்கேதான் வைரம் எடுத்தார்கள்" என்றால் சிரித்துக்கொண்டே நடங்கள்.

ஒரு திருத்தம். கோல்கொண்டாவில் கீழே நின்று கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும் இடத்தை ஃபதே தர்வாசா என்று பலர் எழுதுகிறார்கள். ஃபதே தர்வாசா வெளிக் கோட்டை மதிலின் வாசல். எல்லோரும் நின்று தட்டுவது டிக்கெட் கொடுத்து உள்ளே போனதும் வரும் பாலா ஹிசார் என்கிற உள்கோட்டையின் வாசல் மண்டபத்தில், கும்மட்டத்துக்கு நேர் கீழே. இரண்டடி தள்ளி நின்று தட்டினால் மேலே ஒன்றும் கேட்காது.

அதே போல குதுப் ஷாஹி கல்லறைகளில் எல்லா சுல்தான்களும் இருக்கிறார்கள் என்று பலகைகளைப் பார்க்காமலேயே சொல்வார்கள். வம்சத்தில் எட்டுப் பேர், அங்கே இருப்பது ஏழு பேர். கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா அங்கே இல்லை. அவுரங்கசீப் எட்டு மாதம் முற்றுகை போட்டும் கோட்டை விழவில்லை, 1687இல் உள்ளே இருந்த ஒருவன் காசு வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஒரு சின்ன வாசலைத் திறந்துவிட்டான். தானா ஷாவைப் பிடித்துக்கொண்டுபோய் தௌலதாபாத் கோட்டையில் வைத்தார்கள், அங்கேயே இறந்து குல்தாபாத்தில் புதைக்கப்பட்டார். அவுரங்கசீப் கல்லறையும் அதே குல்தாபாத்தில்தான். கல்லறைத் தோட்டத்தில் ஹயாத் பக்ஷி பேகத்தின் கல்லறையை விட்டுவிடாதீர்கள். ஒரு சுல்தானின் மகள், இன்னொரு சுல்தானின் மனைவி, மூன்றாவது சுல்தானின் தாய், அந்த மூன்று பேருக்கும் அதே தோட்டத்தில்தான் கல்லறை.

சார்மினார் 1591. கொள்ளைநோய் நின்றதற்காகக் கட்டியது என்று ஒரு கதை, பாக்மதி என்ற பெண்ணைப் பார்த்த இடம் என்று ஒரு கதை. பாக்மதி என்று ஒருத்தி இருந்தாளா என்பதிலேயே ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை. எனக்குப் பிடித்த காரணம் வேறு, ஹிஜ்ரி ஆயிரமாவது வருஷம் அப்போதுதான் பிறந்தது, சுல்தான் முகமது குலி ஒரு புது நகரத்துக்கே கால்கோள் போட்டு நடுவில் இதை நிறுத்தினார். நான்கு பக்கமும் இருக்கும் கடிகாரங்கள் 1889இல் வந்தவை. சார்மினாரிலிருந்து கோல்கொண்டாவுக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று ஆட்டோக்காரர் கண்டிப்பாகச் சொல்வார். தமிழ்நாட்டில் எந்தக் கோயிலில் சொல்லவில்லை, விடுங்கள்.

அப்பா பட்டியலில் இல்லாத ஒன்று: பாதுஷாஹி ஆஷூர்கானா. சார்மினார் கட்டி சில வருஷங்களில் அதே சுல்தான் கட்டியது, மொஹரம் துக்க அனுஷ்டானத்துக்கான இடம். உள்ளே சுவர் முழுக்க நீலமும் மஞ்சளுமாக ஓட்டுத் துண்டுகளைப் பதித்து வேலை செய்திருக்கிறார்கள். கீழ்ப்பகுதி 1908 வெள்ளத்தில் போய்விட்டது, அந்த இடத்தில் வண்ணம் அடித்து ஒப்பேற்றியிருக்கிறார்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வழிபாட்டு இடம், செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாகப் போய் வரலாம். கால் மணி நேரம் போதும்.

புளியமரத்தடி

கல்தூண் சார் 1908 என்று எழுதியதும் கை சும்மா இருக்கவில்லை. நான் கோட்டியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன்.

புரானாபுல்லுக்காக வண்டி எடுத்துப் போக வேண்டாம். 1578இல் கட்டியது, மூசி ஆற்றின் மேல் முதல் பாலம், எல்லாம் சரி, நான் பார்த்த காலத்தில் பாலத்தின் மேலே காய்கறிக் கடைகளும் கீழே சாக்கடையும்தான். தெலுங்கு தெரிந்தால் கத்தரிக்காய் வாங்கலாம்.

அதற்குப் பதில் ஒரு புளியமரத்தைப் போய்ப் பாருங்கள். உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில், ஆற்றின் பக்கமாக இருக்கிறது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பொங்கி நகரத்துக்குள் புகுந்தது, பதினைந்தாயிரம் பேர் போல இறந்தார்கள் என்பது கணக்கு. அன்று இந்த மரத்தில் ஏறிக்கொண்ட நூற்றைம்பது பேர் பிழைத்தார்கள். அந்த வெள்ளத்துக்கு அப்புறம்தான் இன்ஜினியர் விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டு யோசனை கேட்டு, ஆற்றுக்கு மேலே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்று இரண்டு நீர்த்தேக்கம் கட்டினார்கள். மரத்துக்கு டிக்கெட் இல்லை, கியூ இல்லை. வளாகம் பெரியது, மரம் எங்கே என்று ஆஸ்பத்திரி ஊழியர்களைக் கேட்டால் காட்டுவார்கள், நோயாளிகள் நடுவே புகுந்து போட்டோ எடுக்காதீர்கள்.

கோட்டி ரெசிடென்சி, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியின் பழைய மாளிகை, முன்பு பெண்கள் கல்லூரியாக இருந்து இப்போது பெண்கள் பல்கலைக்கழகமாகிவிட்ட வளாகத்துக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டி வரலாம். கிர்க்பாட்ரிக் என்ற வெள்ளைக்காரத் துரை கைருன்னிசாவைக் கல்யாணம் செய்துகொண்ட கதை அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், ரயிலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

அரை டிக்கெட் தம்பிக்கு: சாலார் ஜங்கை 38 கேலரியாகப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். மூன்றே மூன்று பாருங்கள். பைபிளில் வரும் ரெபெக்கா, முகத்திரை போட்டபடி பளிங்கில் செதுக்கியது, துணி நனைந்து முகத்தில் ஒட்டின மாதிரி இருக்கும். அப்புறம் ஒரே மரத்துண்டில் முன்னால் ஃபாஸ்ட் கதையில் வரும் பிசாசு மெஃபிஸ்டோபிலிஸும் முதுகுப் பக்கம் அதே கதையின் பெண் மார்கரெட்டாவும் செதுக்கியது, பின்னால் கண்ணாடி வைத்திருப்பார்கள். மூன்றாவது இசைக் கடிகாரம். அதில் ஒரு கொல்லன் ஓயாமல் சுத்தியல் அடித்துக்கொண்டே இருப்பான், அது விநாடி. மணி ஆகும்போது ஒரு குட்டிக் கிழவன் கதவைத் திறந்து வெளியே வந்து, எத்தனை மணியோ அத்தனை முறை அடித்துவிட்டு உள்ளே போவான். பகல் பன்னிரண்டுக்குப் போய் நின்றால் பன்னிரண்டு அடி. ஒன்பது வயதுக் குழந்தைக்கு ரோல்ஸ் ராய்ஸை விட இதுதான்.

அரை டிக்கெட்

பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடிகாரத்துக்கு முன்னால் ஊரே நிற்கும், குழந்தைக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். சொல்லிவிட்டேன்.

செகந்திராபாத் மருமகள்

இதே சண்டைதான் எங்கள் வீட்டிலும். பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்தால் முதுகு தெரியாது. இரண்டும் வேண்டுமென்றால் காலை சார்மினார் திறந்ததும் ஏறி இறங்கி, மெக்கா மசூதி பார்த்து, பன்னிரண்டு மணிக்குக் கடிகாரம், சாப்பாடு, நேரம் மிஞ்சினால் சௌமஹல்லா. நான்கு மணிக்கு மேல் பழைய நகரத்துக்குள் இருக்காதீர்கள், ரயில் போய்விடும்.

மெக்கா மசூதியைப் பற்றி யாரும் எழுதவில்லை. சார்மினாரிலிருந்து சில நிமிட நடை. குதுப் ஷாஹிகள் ஆரம்பித்து, தலைமுறை தலைமுறையாக இழுத்து, கடைசியில் அவர்களைத் தோற்கடித்த அவுரங்கசீப் காலத்தில், 1694இல்தான் முடிந்தது. தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், பெண்கள் தலைக்குத் துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள். நிஜாம்களின் பிரபுக்களான பைகா குடும்பத்தின் கல்லறைகளில் சுதை வேலை அவ்வளவு நுணுக்கம், இரண்டு பளிங்குச் சன்னல் ஒரே மாதிரி இருக்காது, ஆனால் வழியிலிருந்து தள்ளி இருக்கிறது. மனசில்லாமல்தான் வெட்டச் சொல்கிறேன்.

அடையாறு ஆலமரம்

போய்விட்டு வந்தாயிற்று. எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன், ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது.

அப்பா உங்கள் எல்லோருடைய பதிலையும் பிரிண்ட் எடுத்துப் படித்து, பட்டியலில் ஃபலக்நுமா, பிர்லா மந்திர், புரானாபுல், ரெசிடென்சி நான்கையும் அவரே சிவப்பு மையில் அடித்தார். பைகாவை அடிக்கவில்லை, அதன் கதை கடைசியில்.

கல்லறைத் தோட்டத்தில் அம்மா எங்கள் எல்லோரையும் விட வேகமாக நடந்தாள். ஹயாத் பக்ஷி பேகத்தின் கல்லறை முன்னால் அப்பா உறவுமுறையைச் சொல்லச் சொல்ல அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டே, "நம்ம கும்பகோணம் அத்தை மாதிரி" என்றாள். கும்பகோணம் அத்தைக்கும் சுல்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை, எங்கள் குடும்பத்தில் அதற்கு அரை நாள் ஆகும்.

கோல்கொண்டாவில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அம்மாவை மண்டபத்தில் நிற்க வைத்து, கல்தூண் சார் சொன்ன மாதிரி கும்மட்டத்துக்கு நேர் கீழே, ஒரு ஏற்பாடு செய்தோம். நாங்கள் மேலே போனதும் போன் செய்வோம், அம்மா மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி இரண்டு தட்டு. என் மனைவி துணைக்குக் கீழே இருந்துவிட்டாள். அப்பா 72 வயதில் 360 படியும் ஏறினார், நான்தான் நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். குழாய்களைக் காட்டுகிறேன் பேர்வழி என்று மகளை ஒவ்வொரு சுவருக்கும் இழுத்துப் போனார். உச்சிக்குப் போய்ப் போன் செய்தால், கீழே எங்களைப் போல ஏழெட்டுக் கோஷ்டி நின்று ஒரே சமயத்தில் தட்டிக்கொண்டிருக்கிறது. மழை மாதிரி சடசடவென்று மேலே கேட்கிறது, இதில் அம்மாவுடையது எது? அப்பா கையை உயர்த்தி எங்களைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில், "இதோ, இதான், குழம்புக் கரண்டியை சட்டி விளிம்பில தட்டற மாதிரி இருக்கு பாரு" என்றார். எனக்கு ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. மகள் தனக்குக் கேட்டது என்கிறாள்.

காட்சிக்கு டிக்கெட் வாங்கும்போது எந்த மொழி என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு முன்னால் நின்ற தமிழ்க் குடும்பம் கேட்காமல் வாங்கிவிட்டு, அப்புறம் மாற்றித் தரச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தது. கொசு மருந்துக்கு மருமகள் அக்காவுக்குத் தனியாக நன்றி.

ஞாயிறு காலை சார்மினார். அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "பெட்டியில இவ்வளவு அழுக்கா இருக்காது" என்றாள். பக்கத்துக் கடையில் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தோம், உப்பும் இனிப்புமாக இருக்கும் அந்த பிஸ்கட்டை நான்கு சாப்பிட்டாள். நாங்கள் மேலே ஏறி இறங்குவதற்குள் பக்கத்து வளையல் கடைத்தெருவான லாட் பஜாரில் முதலில் திறந்த கடையைக் கண்டுபிடித்து உட்கார்ந்திருக்கிறாள். அங்கே ஒருவர் கரி நெருப்பில் அரக்கைக் காட்டி இளக்கி, உருட்டி, வளைத்து, இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்து ஒட்டுவதை முக்கால் மணி நேரம் பார்த்தோம். கால அட்டவணையில் இல்லாத முக்கால் மணி நேரம். சௌமஹல்லா அதில் போய்விட்டது, அரை டிக்கெட் மன்னிக்கவும்.

கடிகாரம்: பதினொன்றரைக்குப் போய் முன்வரிசை பிடித்தோம். மியூசியம் வாசலில் கேட்டதும் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள், அதனால் வழியும் விட்டார்கள். கிழவன் வந்து பன்னிரண்டு அடித்துவிட்டு உள்ளே போனதும் மகள் கேட்டது, "ஒரு மணிக்கு ஒரே ஒரு அடிக்காகவும் வருவானா?" வருவானா என்று பார்க்க ஒரு மணி வரை இருந்தோம். வந்தான்.

இனி பைகா. அப்பா விடவில்லை, இரண்டு மணிக்கு ஒரு ஆட்டோ பிடித்து இடத்தைச் சொல்லி ஏறினோம். அவர் தலையாட்டிவிட்டு எங்கெங்கோ போய் ஒரு முத்துக் கடை வாசலில் நிறுத்தி, "பத்து நிமிஷம் சும்மா பாருங்க, வாங்க வேண்டாம்" என்றார். கமிஷன் விவகாரம் என்று புரிவதற்குள் கடைப் பையன் தண்ணீர் டம்ளரோடு வந்துவிட்டான். அங்கே சண்டை போட்டு, வேறு ஆட்டோ பிடித்து, அந்தச் சந்துகளில் திரும்பிக் கொண்டிருக்கும்போதே மணி மூன்றரை. நேராக ஸ்டேஷன். ஏறுவதற்கு முன் கூகுள் மேப்பை நம் கையிலும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நான் செய்யவில்லை.

கல்தூண்

அப்பா கோல்கொண்டாவில் ராமதாசர் சிறையைப் பார்த்தாரா? அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

அடையாறு ஆலமரம்

அதைப் பார்க்காமல் வருவாரா. பத்ராசலம் கோயிலுக்கு அரசாங்க வரிப் பணத்தை எடுத்துச் செலவு செய்த தாசில்தார், பன்னிரண்டு வருஷம் அடைபட்டிருந்த இடம் என்று மகளிடம் சொன்னார், அவள் உடனே "அப்ப அவர் செஞ்சது தப்புதானே தாத்தா" என்று கேட்டுவிட்டாள். வாத்தியாருக்கு அங்கேயே ஒரு மணி நேரம் வேலை கொடுத்திருப்பாள், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். சுவரில் ராமர், அனுமார் உருவங்கள் இருக்கின்றன, அவரே செதுக்கியது என்கிறார்கள்.

வருத்தம் என்னவென்றால், எங்கள் வீட்டில் ராமதாசர் கீர்த்தனை பாடுகிறவள் அம்மா, அவள் கீழே புல்வெளியில் இருந்தாள். அப்பா அவளுக்காகப் போனில் வீடியோ எடுத்து வந்தார். ஒரே இருட்டு, படம் ஒன்றும் தெரியாது, யாரோ ஒரு கைட் தெலுங்கில் பேசுவது மட்டும் கேட்கிறது. ரயிலில் அதை நான்கு முறை போட்டுப் பார்த்தாள்.